அம்மாவின் வாய்ஸ் நோட்டுகளும் ஒரு டிப்ளமா படமும்

கேள்வி:

அக்கா, நான் சென்னையில் சினிமா படிக்கிறேன். இயக்கம், கடைசி வருடம். ஊர் தேனிப் பக்கம். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அம்மாச்சிதான் வளர்த்தார். அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. அதையே டிப்ளமா படமாக்கலாம் என்று தோன்றியது. கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது. அம்மாவின் குரல், என் ஹாஸ்டல், அவ்வளவுதான். ரஃப் கட், அதாவது முதல் எடிட், 18 நிமிடம் வந்திருக்கிறது. பார்த்துவிட்டு கைடு, "இது ரேடியோ நாடகம், படம் எங்கேம்மா?" என்றார். நண்பர்கள் "அழகா இருக்கு" என்றார்கள். அது அதைவிட மோசமாக இருந்தது.

எடிட் செய்யும்போது இன்னொன்றும் உறுத்தியது. அம்மாவுக்கு நான் அனுப்பிய பதில்களில் எங்கள் ஊர்ப் பேச்சு. படத்துக்காக எழுதிப் பதிவு செய்த வாய்ஸ்-ஓவரிலோ இங்கே வந்து பழகிக்கொண்ட தமிழ். முதல் வருடம் வகுப்பில் என் பேச்சைக் கிண்டல் செய்தார்கள், அப்போது மாற்றிக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு ஆள் மாதிரி இருக்கிறது. இதில் எதை 'நான்' என்று வைப்பது? வெளிநாட்டுக்காரர்கள் செய்வதைப் பார்த்து நானும் ஒரு ஃபேஷனுக்காக இதைச் செய்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய லிங்க்கில் படத்தைப் பார்த்தேன். உங்கள் கைடு சொன்னது பாதி சரி. அம்மா "சாப்டியா" என்கிறார், நீங்கள் மெஸ் தட்டைக் காட்டுகிறீர்கள். "அங்க மழையா" என்கிறார், ஜன்னல் கம்பியில் மழைத்துளி. "துணியெல்லாம் தொவச்சியா" என்கிறார், கொடியில் துணி. முதல் ஐந்து நிமிடமும் இப்படியேதான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எதுவும் குறையாது. அதைத்தான் அவர் ரேடியோ நாடகம் என்கிறார். ஷாட்டுகள் நன்றாக எடுக்கப்பட்டிருப்பதால் நண்பர்கள் அழகு என்கிறார்கள். இருவரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: படத்துக்கு வேலையே இல்லை, அது குரலுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பதினோராவது நிமிடத்தில் ஒரு இடம் இருக்கிறது. வீரபாண்டித் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள், அம்மாச்சி தீச்சட்டி எடுத்தாரா என்று அம்மா கேட்டுக்கொண்டே போகிறார். திரையில் ஹாஸ்டல் வராந்தா. ஓர் அம்மா மாப்பு போட்டுத் துடைத்தபடி கேமராவை நோக்கி வருகிறார். பக்கெட்டைத் தள்ளும் சத்தத்தில் உங்கள் அம்மாவின் இரண்டு கேள்விகள் முழுசாகக் கேட்கவில்லை. துடைத்துக்கொண்டே அவர் ஃப்ரேமை விட்டுப் போய்விடுகிறார். தரை ஈரமாக இருக்கிறது, அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குவைத்தில் ஒரு வீட்டில் உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் பார்த்துவிட்டேன். நீங்கள் யோசித்து வைத்ததா, இருந்த ஷாட்டை இட்டு நிரப்பியதா என்று தெரியவில்லை. எப்படி வந்திருந்தாலும் சரி, உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. மீதி 17 நிமிடத்தையும் அந்த ஷாட்டிடம் கேட்டுத் திருத்துங்கள்.

இதே பொருளை வைத்து வந்த ஒரு படத்தை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். ஷாந்தால் அகெர்மான் பெல்ஜியத்துக்காரர். திரைப்படப் பள்ளியில் சேர்ந்து சில மாதங்களிலேயே விட்டுவிட்டு, 18 வயதில் தன் முதல் குறும்படத்தை எடுத்தார். 1971இல் நியூயார்க் போனார். பிரஸ்ஸல்ஸிலிருந்து அவர் அம்மா விடாமல் கடிதம் எழுதினார். ஏன் அடிக்கடி எழுதமாட்டேன் என்கிறாய், பணம் அனுப்பினேன் வந்ததா, இங்கே வியாபாரம் மந்தம், இன்னாருக்கு உடம்பு சரியில்லை. உங்கள் அம்மா பேசுவதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அகெர்மான் ஊருக்குத் திரும்பி, அப்புறம் 1976இல் மறுபடி நியூயார்க் போய் 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' எடுத்தார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படம். தெரு, சப்வே ரயில், நடைமேடை, இரவு நேரக் கடைகள். பெரும்பாலும் அசையாத நீண்ட ஷாட்டுகள். அவற்றின் மேல் அம்மாவின் கடிதங்களை அவரே வாசிக்கிறார், ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் வேகமாக.

அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மகள் திரையில் வருவதே இல்லை. அவர் எழுதிய பதில்களும் கிடையாது. கடிதம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. ஒரு ரயில் வந்தால் அம்மாவின் பாதி வாக்கியம் ரயிலுக்குள் போய்விடுகிறது, அதை யாரும் மறுபடி சொல்வதும் இல்லை. அந்த ஊரில் அந்த வயதில் ஒரு பெண் அம்மாவின் கடிதத்தை எப்படிப் படித்திருப்பாளோ அப்படி: பாதி காதில் விழுந்து, பாதி விழாமல், கொஞ்சம் எரிச்சலோடு, கொஞ்சம் குற்ற உணர்வோடு. 'நான்' என்று ஒரு வாக்கியம்கூட எழுதாமல், அவர் யாராக இருந்தார் என்பதை கேமரா நின்ற இடமும் சத்தத்தின் அளவுமே சொல்லிவிடுகின்றன. கடிதங்கள் வந்த காலமும் படம் எடுத்த காலமும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெண்ணும் அதை வாசிக்கும் பெண்ணும் ஒரே ஆள் இல்லை. உங்கள் ஃபோனில் ஏழாம் வகுப்பிலிருந்து இருக்கிறது அல்லவா? அந்த இடைவெளி உங்களிடமும் இருக்கிறது, இப்போதைய எடிட்டில் அது தெரியவில்லை.

சரி, டைம்லைனுக்கு வருவோம். சவுண்ட் ட்ராக்கைத் தொடாமல், வீடியோ ட்ராக்கை மட்டும் மொத்தமாக நாற்பது விநாடி தள்ளிவிட்டு ஒரு தடவை ஓடவிடுங்கள். அப்புறம் ஒன்றரை நிமிடம் தள்ளி ஒரு தடவை. பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் குரலும் படமும் எதிர்பாராமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அவற்றைக் குறித்து வையுங்கள். ஏன் பிடித்துக்கொண்டன என்று உடனே ஆராய வேண்டாம். நான் எடிட் கற்றுக்கொடுக்கும் இடத்தில் முதலில் தரும் பயிற்சி இதுதான், எல்லோருக்கும் முதலில் கோபம் வரும்.

அப்புறம், வாய்ஸ் நோட்டுக்கு நடுவில் வெட்டாதீர்கள். நீங்கள் அம்மாவின் இருமலை, "ம்… இரு" என்று அவர் யாருக்கோ பதில் சொல்லப் போகும் இடத்தை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வாக்கியங்களை மட்டும் வைத்திருக்கிறீர்கள். மைக்கை அழுத்தியதிலிருந்து விடும் வரை ஒரு நோட்தான் ஓர் அலகு. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள். பின்னால் ஓடும் ஏசி, அரபி டிவி, குக்கர் சத்தம், இவைதான் அந்த வீடு. குவைத்தில் நீங்கள் படம் எடுக்க முடியாது, ஆனால் குவைத் உங்கள் சவுண்ட் ஃபைல்களுக்குள் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

ஃபோனிலிருந்து எடுக்கும்போது ஃபைல் பெயரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் நோட் ஃபைல் பெயரிலேயே வருடம், மாதம், தேதி மூன்றும் வந்துவிடும். ஓபஸ் ஃபார்மட்டில் இருப்பவற்றை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக மாற்றி, தேதி வரிசையில் அடுக்கி ஒரு முறை முழுசாகக் கேளுங்கள். நடுவில் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாத காலம் இருக்கக்கூடும். அப்போது என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த மௌனம் படத்தில் நீளமாக இருக்க வேண்டும். இன்னொன்று: சில நோட்டுகளை நேராக டைம்லைனில் போடாமல், ஹாஸ்டல் அறையில் ஃபோன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, தள்ளி வைத்த மைக்கில் மறுபடி பதிவு செய்யுங்கள். அறையின் ஃபேனும் சுவரும் குரலில் ஏறிக்கொள்ளும். ஹாலிவுட் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் 1970களில் பாட்டுகளை இப்படித் திறந்த வெளியில் ஓடவிட்டுப் பிடித்திருக்கிறார். செலவே இல்லாத வேலை. அம்மா காதுக்குள் பேசுகிறாரா, நான்கு பேர் இருக்கும் அறையில் மேஜை மேல் கிடக்கும் ஃபோனிலிருந்து பேசுகிறாரா என்ற வித்தியாசம் உங்களுக்குக் கிடைக்கும்.

இப்போது அந்த இரண்டு பேச்சு விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஆனால் நீங்கள் அதைச் சிக்கலாகப் பார்க்கிறீர்கள். வகுப்பில் சிரித்தவர்களுக்காக மாற்றிக்கொண்ட தமிழ் போலி, ஊர்ப் பேச்சுதான் அசல் என்று ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். வராதீர்கள். நான்கு வருடமாகப் பேசுவதும் உங்கள் வாய்தான். எது நான் என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் படம் பட்டிமன்றமாகிவிடும்.

மோனா ஹடூம் என்று ஒரு கலைஞர். பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனர். 1975இல் லண்டன் போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்து, திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1988இல் அவர் செய்த 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' வெறும் 15 நிமிடம். அம்மா குளிக்கும்போது எடுத்த புகைப்படங்கள். அவற்றின் மேல் அம்மாவின் கடிதங்கள், கையெழுத்தாக, அரபி வரிகள் ஒரு திரைச்சீலைபோல நகர்கின்றன. கடிதங்களை மகள் ஆங்கிலத்தில், சோகமான குரலில் வாசிக்கிறார். பின்னால் இன்னொரு ஒலி: அம்மாவும் மகளும் அரபியில் பேசிக் கலகலவென்று சிரிக்கும் பழைய டேப். ஒரே பெண்ணின் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன. ஒரு குரல் நமக்காக வாசிக்கிறது, இன்னொன்றுக்கு நாம் அங்கே இருப்பதே தெரியாது. ஹடூம் எதையும் விளக்குவதில்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை.

உங்கள் வாய்ஸ்-ஓவரைத் தூக்கிவிடச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். "தொலைவு என்பது ஓர் உணர்வு" என்கிற மாதிரி வரிகள் நீங்கள் எழுதியவையாகவே தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலைத் தூக்க வேண்டாம், வரிகளை மட்டும் தூக்குங்கள். அதே சென்னைத் தமிழில், அதே ஒழுங்கான உச்சரிப்பில், சாதாரண விஷயங்களைச் சொல்லுங்கள்: ஃபைலின் தேதி, அப்போது நீங்கள் எந்த வகுப்பு, அந்த நோட்டை எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள். அடுத்து அம்மாவின் நோட். அதற்கு நீங்கள் அனுப்பிய பதில், ஊர்ப் பேச்சில், எடிட் செய்யாமல். பார்ப்பவருக்கு ஒரு கட்டத்தில் சுருக்கென்று புரியும், இரண்டும் ஒரே பெண் என்று. கிண்டல் செய்தவர்களும் அந்தத் திரையிடலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வார்த்தையும் வைக்க வேண்டாம்.

'நான்' என்று சொல்லவே நாக்கு எழவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. சூ ஃப்ரெட்ரிக் 1990இல் தன் அப்பாவைப் பற்றி எடுத்த 'சிங்க் ஆர் ஸ்விம்' படத்தில் ஒரு சிறுமியைப் பேசவைத்தார், 'அந்தப் பெண்', 'அவள் அப்பா' என்று படர்க்கையில். ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு, 26 பகுதிகளாக அடுக்கினார். அப்பா மொழியியல் பேராசிரியர், எனவே அந்த அடுக்குமுறையே ஒரு குத்தல். நம் ஊரில் பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்', 2021இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருது பெற்றது. அதில் புனே திரைப்படக் கல்லூரி மாணவி 'எல்' தன் காதலனுக்கு எழுதும் கடிதங்கள் கற்பனை, சுற்றியிருக்கும் போராட்டக் காட்சிகள் உண்மை. சாதியால் முறிந்த காதல் அது. யாருடைய சொந்தக் கதை என்று கேட்கவே நமக்குத் தோன்றாது. உங்களுக்கு இவை தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் தெரிந்திருக்கட்டும், சொந்த வாழ்க்கையைப் படமாக்குகிறவர் எல்லோரும் கேமரா முன்னால் உட்கார்ந்து அழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஃபேஷன் பயத்துக்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. நம் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டிய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களை நினைத்தாலே பலருக்குத் தூக்கம் வரும். அதே ஃபிலிம்ஸ் டிவிஷனில்தான் 1968இல் பிரமோத் பதி 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பரிசோதனைப் படத்தை எடுத்தார். அதே வருடம் எஸ்.என்.எஸ். சாஸ்திரி, குறும்படம் எடுக்கும் தன்னையே கிண்டல் செய்து 'அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்' எடுத்தார். சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். உங்கள் படம் யாரைப் பார்த்து வந்தது என்பதை அந்த வராந்தா ஷாட்டைப் பார்க்கிறவர் கேட்கமாட்டார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான்.

பதினான்காவது நிமிடத்தில் அம்மா மேடத்தைப் பற்றிக் குறை சொல்கிறார். அந்த வீட்டுக் குழந்தையின் பெயர் தெளிவாகக் கேட்கிறது, எந்தப் பகுதி என்பதும் வருகிறது. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போனவர்களின் விசா, வேலைக்கு எடுத்த கஃபீல் (ஸ்பான்சர்) கையில் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படம் யூடியூபில் ஏறி, யாரோ யாருக்கோ அனுப்பி, அந்த வீட்டுக்குப் போனால் நஷ்டம் உங்களுக்கு இல்லை, அம்மாவுக்கு. பல கல்லூரிகளில் டிப்ளமா படத்தின் உரிமை நிறுவனத்துக்குத்தான். நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர்கள் அதைத் திரையிடலாம், ஆன்லைனில் ஏற்றலாம். சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து வாசியுங்கள். அந்த நோட், அம்மா குவைத்தில் இருக்கும் வரை படத்தில் இருக்கக் கூடாது. எவ்வளவு நல்ல நோட்டாக இருந்தாலும் சரி.

2003இல் ஜோனதன் கவுட் என்ற அமெரிக்கர், வீட்டு வீடியோக்கள், ஆன்சரிங் மெஷின் பதிவுகளை வைத்து, கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஐமூவியில் எடிட் செய்து 'டார்னேஷன்' எடுத்தார். ஆன செலவு 218 டாலர் என்று பேசப்பட்டது. மனநலம் பாதிக்கப்பட்ட அவருடைய அம்மாதான் படத்தின் மையம். கடைசிப் பகுதியில், மருந்தின் அளவு மீறிப்போனதால் நிலைகுலைந்த அம்மா ஒரு சின்னப் பூசணிக்காயை வைத்துக்கொண்டு பாடி ஆடிக்கொண்டே இருப்பார். கேமரா நிறுத்தாது. அந்தப் படத்தின் தைரியத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த ஷாட்டை நான் எடிட் டேபிளில் பார்த்திருந்தால் வேண்டாம் என்று சண்டை போட்டிருப்பேன். அந்த நிலையில் அவரால் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியிருக்க முடியாது. உங்கள் அம்மாவால் முடியும். கேளுங்கள்.

ஃபோனில் விளக்கிச் சொல்லாதீர்கள். "உன்ன வச்சு ஒரு படம் எடுக்குறேன்மா" என்றால் எந்த அம்மாவும் சரி என்பார், அது அனுமதி ஆகாது. முழு ரஃப் கட்டையும் அனுப்புங்கள். அவர் வேலை முடிந்து தனியாக இருக்கும் நேரத்தில் பார்க்கட்டும். கல்லூரியில் யார் பார்ப்பார்கள், விழாவுக்குப் போகுமா, நெட்டில் வருமா, மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். எந்த நோட்டை எடுக்கச் சொல்கிறாரோ எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். ஹடூமின் படத்திலேயே, புகைப்படங்களைப் பார்த்து அப்பாவுக்குக் கோபம் என்று அம்மா எழுதும் கடிதம் வருகிறது. அனுமதி விஷயம் அங்கே படத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. உங்கள் அம்மாவும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பத்தான் போகிறார். அதைச் சேர்க்கலாமா என்று தனியாக ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தமாகவே வேண்டாம் என்றாலும் படம் செத்துவிடாது. உங்கள் பதில்கள் உங்களுடையவை. அம்மாவின் ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஹாஸ்டலின் வெறும் சத்தத்தை விட்டு, பின்னால் உங்கள் பதிலை மட்டும் வையுங்கள். "ஆமாம்மா, சாப்ட்டேன்", "இல்லம்மா, மழை இல்ல". எனக்கு என்னவோ அது இப்போது இருப்பதைவிட நல்ல படமாக வரும் என்றுகூடத் தோன்றுகிறது.

கைடிடம் இந்த வாரமே போய், வராந்தா ஷாட்டை மட்டும் தனியாக ஓட்டிக் காட்டி, படம் முழுவதையும் இந்த வழியில் மாற்றப் போகிறேன் என்று சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். ரேடியோ நாடகம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஷாட்டும் கண்ணில் படும். ஃபைனல் மிக்ஸ் முடிந்ததும், அம்மா சம்மதித்தால், பெங்களூரில் நடக்கும் 'எக்ஸ்பெரிமெண்டா'வுக்கு அனுப்பிப் பாருங்கள். இந்த மாதிரிப் படங்களுக்கென்றே 2003இல் ஆரம்பித்த விழா அது. ஆங்கில சப்டைட்டில் போடும்போது உங்கள் இரண்டு பேச்சையும் ஒரே மாதிரி ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.